ஹார்த்வெய்ட் மேலே போன மூன்று வாரம்

ஹார்த்வெய்ட், யார்க்ஷயர்
18 மார்ச் 1979

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

இடது புருவத்தில் போட்ட தையலைத் தவிர மற்றபடி நான் நலம். டோரீனும் நலம். கனடாவில் இன்னும் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ஒருவழியாக உருகிவிட்டது. மைதானம் கஞ்சி ஊற்றி வைத்தது போல் இருக்கிறது. டிசம்பரிலிருந்து ஆட முடியாமல் தள்ளிப்போன கால்பந்து ஆட்டங்களையெல்லாம் இப்போது சேர்த்து வைத்து ஆடுகிறோம். சில வாரங்களில் மூன்று ஆட்டம். பகலில் அறுப்புக்கூடத்தில் மாடு, சாயங்காலம் மைதானத்தில் மனிதன், இப்படி ஒரு புருஷன் என்று டோரீன் சலித்துக்கொள்கிறாள்.

தையல் கதையைக் கேள். நேற்று ப்ரட்லி மில்ஸ் அணியுடன் ஆட்டம். அவர்களுடைய ஃபார்வர்ட் ஒருவன், செங்கல் சூளையில் வேலை பார்ப்பவன், பந்து எங்கோ இருக்கும்போது என் முகத்தில் தலையால் முட்டினான். ரெஃபரி பார்க்கவில்லை. அடுத்த கார்னருக்கு எல்லோரும் கூடியபோது என் முழங்கை அவன் காதோரம் போய் உட்கார்ந்தது. அப்புறம் அவன் என் பக்கமே வரவில்லை. அது வழக்கமான கணக்கு, உனக்குத் தெரியாததா. ஆனால் என்னோடு பின்வரிசையில் ஆடும் பீட் மலோனி வேறு ரகம். பட்டாளத்திலிருந்து வந்தவன், இந்த சீசனில்தான் சேர்ந்தான். கீழே விழுந்து கிடந்த ஒரு பையனுடைய கையை மிதித்து, பூட்ஸை அப்படியே திருகினான். விசில் ஊதியபிறகு. விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ‘ஏன்டா?’ என்று கேட்டேன். ‘சும்மாத்தான்’ என்றான்.

ஜெயித்தோம். இப்போது மூன்றாவது இடம். இரண்டு அணிதான் மேல் டிவிஷனுக்குப் போகும். முதல் இடத்தில் இருப்பவர்களை இனி யாரும் பிடிக்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரு இடத்துக்கு நாங்களும் ஸ்கெல்பியும் அடித்துக்கொள்கிறோம். ஸ்கெல்பி ஒரு பாயின்ட் முன்னால். மேனேஜர் ரஷ்டன் இரவும் பகலும் அதே பேச்சு. பதினெட்டு வருடமாக இந்தச் சட்டையைப் போடுகிறேன் அக்கா. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதுதான் கடைசி வருடம். போகும்போது மேலே ஏற்றிவிட்டுப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஸ்கெல்பிக்கு ஜனவரியில் ஒரு புது ஃபார்வர்ட் வந்திருக்கிறான். ஆட்டத்துக்கு ஒரு கோல் போடுகிறான். பேப்பரில் பெயர் பார்த்தேன். க்ளென் தோர்ப். வயது பத்தொன்பது.

உன் க்ளென்தான்.

உன் தம்பி,
வில்ஃப்

*

ஹாமில்டன், ஒன்டாரியோ
27 மார்ச் 1979

அன்புத் தம்பி வில்ஃப்,

உன் கடிதத்தின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டேன். எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று அம்மா திட்டுவாளே, அந்தப் பழக்கம் போகவில்லை. வேலை பார்க்கும் சலவையறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேற்பார்வை பார்க்கும் பெண் வந்து தோளைத் தொட்டபிறகுதான் இடைவேளை முடிந்து மணி அடித்ததே தெரிந்தது.

எப்படி இருக்கிறான்? உயரமா? அவன் அப்பனைப் போல் மார்பு அகன்றிருக்கிறானா? பத்து வருடமாக ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் திரும்பி வருகிறது. உறையின் மேல் ஜாக்கின் கையெழுத்து: ‘இங்கே அப்படி யாரும் இல்லை.’

எனக்காக ஒரு உதவி செய். ஒருநாள் ஸ்கெல்பிக்குப் போய் அவன் ஆடுவதைப் பார். உங்களுக்கு நடுவே ஒரு மேடுதான், பஸ்ஸில் அரை மணி நேரம். போகாமலே இத்தனை வருடம் இருந்துவிட்டாய். குறை சொல்லவில்லை. ஜாக் இருக்கும் ஊருக்குப் போக யாருக்கும் கால் வராது என்று எனக்குத் தெரியாதா.

தையல் பிரிக்கும்வரை தலையால் முட்டாதே. சொன்னால் கேட்கமாட்டாய். டோரீனுக்கு என் அன்பு.

உன் அக்கா,
மேவிஸ்

*

ஹார்த்வெய்ட்
8 ஏப்ரல் 1979

அன்புள்ள அக்கா,

போனேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆட்டம். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றேன்.

உயரமாக இருக்கிறான். ஜாக்கின் மார்பு இல்லை, ஒல்லிதான். தலையை ஒரு பக்கம் சாய்த்து ஓடுகிறான், அது நீதான். பந்து காலில் பட்டதும் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் வண்டி நின்றுபோனது போல் நின்றுவிடுகிறார்கள். பொறாமையாக இருந்தது. இரண்டு கோல் போட்டான். இரண்டாவது போட்டபோது எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கணுக்காலில் உதைத்தான். உன் மகன் எழுந்து, ரெஃபரி அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, அவன் தொடையிடுக்கில் முழங்காலால் ஒன்று கொடுத்தான். நல்ல பொறுமை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்றேன். என்னைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“ஹார்த்வெய்ட்லேர்ந்து வேவு பாக்க வந்தீங்களா மாமா?”

“உன்னப் பாக்க வந்தேன். உங்க அம்மா பாத்துட்டு வரச் சொன்னா.”

“எனக்கு அம்மா கிடையாது. யாரோ கனடாவுல இருக்காங்கன்னு கேள்வி.”

“அவ ஏன் போனான்னு உனக்குத் தெரியாதாடா?”

“தெரியும். கூட்டிட்டுப் போகாம போனாங்கன்னும் தெரியும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். “கடைசி மேட்ச் நமக்குள்ளதானே, நீங்கதானே என்னப் புடிக்கணும்? அங்க பேசிக்கலாம்.”

அதற்குள் யாரோ என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். ‘ஹார்த்வெய்ட் கசாப்புக்காரன்டா’ என்று ஒரு குரல். நாலைந்து பேர் சூழ்ந்தார்கள். முதல் இருவரைச் சமாளித்தேன். மூன்றாவது ஆள் பின்னாலிருந்து முட்டிக்காலில் உதைத்தான். கீழே விழுந்துவிட்டால் அப்புறம் பூட்ஸ்தான். தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு விலா எலும்பை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். க்ளென் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, ‘போதும் விடுங்கடா’ என்றான். விட்டுவிட்டார்கள். கை கொடுத்துத் தூக்கவில்லை. ஆனால் என் தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டி மதில்மேல் வைத்துவிட்டுப் போனான்.

அவனைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்தது. டோரீன் விலாவைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது.

உன் தம்பி,
வில்ஃப்

*

ஹாமில்டன்
17 ஏப்ரல் 1979

அன்புத் தம்பி,

கூட்டிக்கொண்டு போகாமல் போனேன் என்று சொன்னானா. சரிதான். அவன் பார்த்தது அதுதான்.

உனக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்குக் காலையில் ஜாக் அடுப்புக் கிளறும் கம்பியை எடுத்தான். என் தோள் எலும்பு இரண்டாகப் போயிற்று. அவன் வேலைக்குப் போனதும் ஒரு கையால் பையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஜாக் எனக்கு முன்னாலேயே அங்கே வாசலில் நின்றிருந்தான், க்ளென் தோளில் கை போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தான். ‘கிட்ட வா, பையனுக்கு முன்னாடியே மிச்சத்தையும் முடிச்சிடறேன்’ என்றான். மற்ற பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி நடந்தேன். க்ளென் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பேன், அன்றைக்கே செத்தும் போயிருப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கடைசி ஆட்டத்தில் நீதான் அவனைப் பிடிக்க வேண்டும் என்கிறாய். நீ எப்படி ஆடுவாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நீ ஆளைச் சாய்க்கும்போதெல்லாம் கைதட்டினவள் நான்தான். அவனை மட்டும் தொடாதே வில்ஃப். ஜெயித்துக்கொள், மேலே போ, எனக்கும் சந்தோஷம். அவன் உடம்பில் கை வைக்காதே.

விலா எலும்பு ஆறும்வரை ஆடவேண்டாம் என்று எழுத நினைத்தேன். எழுதி என்ன ஆகப் போகிறது.

அக்கா,
மேவிஸ்

*

ஹார்த்வெய்ட்
6 மே 1979

அன்புள்ள அக்கா,

நாலு வாரமாக எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஈஸ்டரிலிருந்து ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. எப்படி ஜெயிக்கிறோம் என்று கேட்காதே. ஒரு இடத்தில் எங்கள் கோல்கீப்பருக்குக் கூட்டத்திலிருந்து பாட்டில் வந்து விழுந்து கன்னம் கிழிந்தது. இன்னொரு இடத்தில் ஒருவன் மூக்கை நான் உடைத்தேன். உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, உடையக் கூடாது என்றும் நினைக்கவில்லை. உடல் களைத்துப் போனால் மூளை சொல்லுவதைக் கை கேட்பதில்லை.

ஊரே பைத்தியம் பிடித்து அலைகிறது. அறுப்புக்கூடத்தில் மாட்டை விட்டுவிட்டுப் பாயின்ட் கணக்குப் போடுகிறார்கள். எல்லாம் 19-ம் தேதி ஆட்டத்தில் வந்து நிற்கிறது. எங்கள் மைதானம், ஸ்கெல்பியுடன். நாங்கள் ஜெயித்தால் மேலே. டிரா ஆனாலே அவர்கள் மேலே.

வியாழக்கிழமை ரஷ்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர், அங்கேயே அவருக்கு ஒரு அறை உண்டு. விஸ்கி ஊற்றினார்.

“அந்தப் பையன் தோர்ப். முதல் பத்து நிமிஷத்துல அவன் வெளிய போகணும். நடந்து போகக் கூடாது.”

“அவன் என் அக்கா மகன் பாஸ்.”

“அதனாலதான்டா உன்கிட்ட சொல்றேன். நீ கிட்ட வந்தா அவன் ஒதுங்க மாட்டான்.”

“என்னால முடியாது.”

“சரி. மலோனிகிட்ட சொல்லிட்டேன்னு வச்சுக்கோ. அவன் கால உடைக்கிறதோட நிறுத்துவானா, உனக்கே தெரியும்.”

விஸ்கியைக் கீழே வைத்தேன் அக்கா. பிறகு, ‘மலோனி வேணாம். நானே பாத்துக்கறேன்’ என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

பயப்படாதே. நான் செய்யமாட்டேன். அவனோடு ஒட்டிக்கொண்டே ஆடப்போகிறேன், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்தால் மலோனி வர முடியாது. ஆனாலும் பையன் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நேற்று ஸ்கெல்பிக்குப் போன் போட்டேன். ஜாக்தான் எடுத்தான். குரல் மாறவில்லை. ‘க்ளென்கிட்ட சொல்லு, அவன் காலுக்குக் குறி வச்சிருக்காங்க. மலோனி பக்கம் போகாம என் பக்கமே இருக்கச் சொல்லு’ என்றேன். ‘கண்டிப்பா சொல்றேன் மச்சான்’ என்றான். ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

உன் தம்பி,
வில்ஃப்

*

ஹாமில்டன்
14 மே 1979

வில்ஃப்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஜாக்கிடம் ஏன் சொன்னாய்? யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவன் வாய்க்குள் போன எந்த வார்த்தையும் போனபடியே வெளியில் வராது. மரியாதையாகப் பேசினான் என்றால் மனதில் ஏதோ முடிவு பண்ணிவிட்டான் என்று அர்த்தம். என்னிடம் மரியாதையாகப் பேசிய நாட்களில்தான் நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நீயே நேரில் போய் க்ளெனிடம் சொல். அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போ. உன்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், உன் வாயாலேயே சொல்.

இது 19-ம் தேதிக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

மேவிஸ்

*

ஹார்த்வெய்ட்
27 மே 1979

அன்புள்ள அக்கா,

இது டோரீனின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறாள். (கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுகிறேன் அண்ணி. மற்றதெல்லாம் அவர் சொன்னபடி. – டோரீன்)

உன் கடிதம் ஆட்டம் முடிந்த மறுநாளுக்கு மறுநாள்தான் வந்தது. டோரீன் படித்துக் காட்டினாள். நீ பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கோலுக்குப் பின்னால் செங்கல் பறந்தது. ஒரு போலீஸ்காரரைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டார்கள். நான் க்ளெனோடு ஒட்டிக்கொண்டேன். ‘மாமா, கால்ல கை வச்சீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல’ என்றான். ‘நான் வைக்க மாட்டேன்டா. என் பக்கமே இரு’ என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அவன் காலை உடைக்கப் போவதாகவும், அதைச் சொல்லி நானே போன் போட்டு மிரட்டினதாகவும் ஜாக் சொல்லி வைத்திருக்கிறான்.

மலோனிக்கும் ரஷ்டன் தனியாகச் சொல்லியிருந்தார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. சரியாகத்தான் கணித்திருக்கிறார். க்ளென் பந்தோடு திரும்பும்போது மலோனி பக்கவாட்டில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். நான் நடுவே விழுந்தேன். மலோனியின் பூட்ஸ் என் காலை முழங்காலுக்குக் கீழே கிழித்தது. க்ளென் என் உடம்பு தடுக்கி உருண்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம், மாமன் தன் காலைப் பார்த்துப் பாய்ந்தான் என்பதுதான்.

அடுத்து ஒரு கார்னர். பந்தைப் பார்த்துக்கொண்டு எகிறினேன். அவன் பந்தைப் பார்க்கவில்லை. முழங்கை என் இடது கண்ணுக்குள் முழுதாக இறங்கியது. அறுப்புக்கூடத்தில் நான் தினமும் கேட்கிற சத்தம், அதனால் என்னவென்று உடனே தெரிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் ‘அவனைக் கொல்லு’ என்று கத்தியது நினைவிருக்கிறது.

நான் போனபிறகு அவனுக்கும் மலோனிக்கும் நடுவே யாரும் இல்லை. மிச்சத்தை க்ளென் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது பாதி தொடங்கியதும் மலோனி அவன் வலது காலை ஊன்றவிட்டு, அதன்மேல் குதித்தான். இரண்டு எலும்பும். குனிந்து அவன் காதில் சொன்னானாம்: ‘இப்ப உன் மாமன் இல்லடா உன்னக் காப்பாத்த.’ ரெஃபரி மலோனியை வெளியே அனுப்பினார். அவன் ஸ்டாண்டைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனானாம். ஒரு கோலில் ஜெயித்தோம். ஹார்த்வெய்ட் மேலே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். அசையாமல் கிடந்தால் கண் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். எதுவும் தெரியாமல் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகிக்கொண்டிருந்தான். புதன்கிழமை பகலில் ஜாக்கின் குரல் கேட்டபிறகுதான் அது யாரென்று தெரிந்தது.

“நல்ல வேல பண்ணிட்டடா. மாமன் கண்ணு அவுட்டாம்.”

“நீ என்கிட்ட பொய் சொல்லிட்ட” என்றான் க்ளென்.

“என்னது?”

“அவர் என்ன அடிக்க வரல. அந்த மலோனிய மறிக்க வந்திருக்காரு. மலோனியே சொன்னான். அவர் போன்ல நெஜமா என்ன சொன்னாரு?”

கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து க்ளென் போட்ட கூச்சல் மனிதக் குரல் மாதிரி இல்லை. உடைந்த காலின் மேல் ஜாக் கையை வைத்து அழுத்தியிருக்கிறான்.

நான் எழுந்தேன் அக்கா. அசையக் கூடாது என்பது நினைவிருந்தது. கண்கட்டைப் பிய்த்தேன். ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, நடுவே ஜாக்கின் உருவம். மூன்று முறை அடித்தேன். முதல் அடியில் மூக்கு போயிற்று, கைக்குத் தெரிந்தது. இரண்டாவது தாடை. மூன்றாவது உன் தோளுக்கு. அவன் இரும்புக் கட்டில்மேல் விழுந்து சரிந்தான். நர்சுகள் வந்து என்மேல் உட்கார்ந்தார்கள். என் முகமெல்லாம் திரும்பவும் ரத்தம்.

டாக்டர் அன்று மாலையே கண்ணை எடுத்துவிட்டார். பையன் பாதி எடுத்தான், மீதியை நான் கொடுத்தேன். அவன்மேல் மட்டும் பழி போடாதே.

மறுநாள் க்ளெனின் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, “மாமா, முழிச்சிருக்கீங்களா?” என்றான்.

“கட்டு போட்டிருக்காங்கடா. எனக்கே தெரியல.”

“நான் வேணும்னுதான் இடிச்சேன்.”

“தெரியும்.”

“ரொம்ப வலிச்சுதா?”

“இல்ல, குளுகுளுன்னு இருந்துச்சு.”

சிரித்துவிட்டான். சிரித்ததும் கால் வலித்து அழுதான். நானும் சிரித்தேன், எனக்கும் வலித்தது. நர்ஸ் வந்து இருவரையும் திட்டினாள்.

“உங்கம்மாவுக்கு எழுதப் போறேன். என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“கால் உடஞ்சுதுன்னு எழுதுங்க” என்றான்.

எழுதிவிட்டேன்.

ரஷ்டன் நேற்று வந்தார். மெடலைத் தலையணைமேல் வைத்தார். லீக் கமிட்டி விசாரணைக்குக் கூப்பிடும், வாயைத் திறக்காதே, ஊருக்காக இவ்வளவு செய்தவன் இதையும் செய்துவிடு என்றார். யோசிக்கிறேன்.

உன் தம்பி,
வில்ஃப்

*

ஹாமில்டன்
4 ஜூன் 1979

அன்புத் தம்பி வில்ஃப்,

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. அசையாதே என்றால் ஏன் எழுந்தாய் என்று சமையலறையில் தனியாக நின்று உன்னைத் திட்டினேன். பிறகு ஜாக்கின் மூக்கு உடைந்த இடத்தைத் திரும்பப் படித்தேன். மூன்றாவது அடி என் தோளுக்கு என்று எழுதியிருக்கிறாய். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததற்கு வெட்கமாக இல்லை. அதற்குப் பிறகுதான் அழுகை.

என் மகன் உன் கண்ணைக் குத்தினான். என்னால் அதைத் தாண்டி ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை. நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ திட்டுவாய். நன்றி சொன்னால் அதைவிட அதிகமாகத் திட்டுவாய். டோரீனிடம் கேட்டுக்கொள்கிறேன், அவள் என்னைத் திட்டட்டும். அவளுக்கு உரிமை இருக்கிறது.

வருகிறேன். 21-ம் தேதி மான்செஸ்டரில் இறங்குகிறேன். நேராக அவனைத்தான் முதலில் பார்ப்பேன், அப்புறம்தான் உன்னை. தப்பாக நினைக்காதே. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். அந்தப் பக்கம் போய் உட்காருவேன். அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டால் எழுந்து திரும்ப இந்தப் பக்கம் வருவேன். கால் உடைந்தவன், ஓடிப்போக முடியாது.

ரஷ்டன் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த மைதானத்தில் நீ போட்டது உன் வாழ்க்கை. நீ என்ன செய்தாலும் என் தம்பிதான்.

அக்கா,
மேவிஸ்

*

ஹார்த்வெய்ட்
11 ஜூன் 1979

அன்புள்ள அக்கா,

என் கையெழுத்துதான், வரிகள் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். ஒற்றைக் கண்ணுக்குத் தாள் எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. நேற்று டீயை மேசைக்கு வெளியே வைத்தேன்.

கமிட்டியிடம் போனேன். ஒரு நீளமான மேசை, கோட் போட்ட பெரியவர்கள். ரஷ்டன் எனக்கு எதிரே, மலோனி அவர் பக்கத்தில். என்ன நடந்தது என்று கேட்டார்கள். இரும்புக்கடை அறையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ‘உங்கள் சொந்த கிளப்பைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறதா?’ என்று ஒருவர் கேட்டார். ‘பதினெட்டு வருஷம் ஆடினேன் சார், தெரியும்’ என்றேன். வெளியே வந்ததும் ரஷ்டன், ‘இனி இந்த ஊர்ல உனக்கு எடம் கிடையாதுடா’ என்றார். கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. ஆட்டம் செல்லாது, மலோனிக்கு ஆயுள் தடை, ரஷ்டனுக்கும். மேலே போவது ஸ்கெல்பி. நாங்கள் மேலே இருந்தது மொத்தம் மூன்று வாரம். பேப்பரில் மறுபடி போட்ட பட்டியலைப் பார்த்தேன், ஹார்த்வெய்ட் மூன்றாவது இடம். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது அக்கா, இல்லை என்று சொல்லமாட்டேன். மடித்து டோரீனிடம் கொடுத்தேன், உடைந்த கண்ணாடியைச் சுற்றிப் போட.

ஏனென்றால் அன்றைக்கே முன்னறை ஜன்னல் வழியாக ஒரு செங்கல் வந்தது. மறுநாள் கதவில் ‘யூதாஸ்’ என்று எழுதியிருந்தது, ஊரைக் காட்டிக்கொடுத்தவனாம். ஞாயிற்றுக்கிழமை கதவில் ஒரு மாட்டுக் கண்ணை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அறுப்புக்கூடத்திலிருந்து வந்தது. என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவன்தான். டோரீன் அதை நிலக்கரி இடுக்கியால் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். ‘ஒருத்தன் வந்து மூஞ்சிக்கு நேரா பேசுங்கடா பாக்கலாம்’ என்று வாசலில் நின்று கத்தினாள். தெருவில் ஒரு திரைகூட விலகவில்லை.

க்ளென் எங்களோடுதான் இருக்கிறான். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஜாக்கின் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றான். ஜாக்கும் தாடையில் கம்பி போட்டுக்கொண்டு இருப்பதால் கூப்பிட வரவில்லை. முன்னறையில்தான் படுக்கை. செங்கல் வந்தபோது கண்ணாடியெல்லாம் அவன் மாவுக்கட்டின் மேல்தான் கொட்டியது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எழுந்து, அக்குள் கட்டையை ஊன்றி ஜன்னலில் சாய்ந்து, அதே செங்கலைத் திருப்பி எறிந்தான். ஓடியவர்களில் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ‘விடுடா’ என்றேன். ‘நீங்க விட்டீங்களா?’ என்று கேட்டான். துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினேன்.

இந்த ஊரில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நீ வந்தபிறகு பேசுவோம். விமான நிலையத்துக்கு டோரீன் வருவாள். நான் வந்தால் உன்னைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கமாட்டேன். டோரீன் உன்னைத் திட்டுவாள் என்று நினைக்காதே, உனக்காகப் படுக்கை விரிப்பு புதிதாக வாங்கிவிட்டு, வாங்கவில்லை என்று சொல்கிறாள்.

நீ வரும் தேதியை க்ளெனிடம் சொன்னேன். தலையாட்டினான். இன்று காலை, இதை எழுத உட்கார்வதற்குக் கொஞ்சம் முன்னால், டீ குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டான்:

“மாமா, அவங்க டீக்கு சர்க்கரை போட்டுக்குவாங்களா?”

எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீயே வந்து சொல்லிக்கொள்.

உன் தம்பி,
வில்ஃப்